பரமத நூல்களை வைணவர் படிக்கும் முறை

காலடிப்பேட்டை கல்யாண வரதராஜரைச் சேவித்துவிட்டு நாலு பேர் வேதாந்தம் படிக்க உட்கார்ந்தால், முதலில் எழும் கேள்வி: பிரம்ம சூத்திரத்துக்குச் சங்கரர் எழுதிய அத்வைத உரையான சங்கர பாஷ்யத்தை வைணவரான நாம் தொடலாமா? தாராளமாகத் தொடலாம். அதே சூத்திரங்களுக்குத் தாம் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தின் முதல் சூத்திரத்திலேயே ராமானுஜர் அத்வைத வாதத்தை மகா பூர்வபட்சமாக, அதாவது எதிர்க்கட்சியின் பெரிய வாதமாக, விரித்து வைத்துவிட்டுத்தான் மறுக்கிறார். அந்த வாதத்தை அதன் சொந்த நூலில் படிக்காதவருக்கு மறுப்பின் பலமும் பிடிபடாது. பாராயணம் வேறு, படிப்பு வேறு; நித்யானுசந்தானத்தில் (அன்றாடப் பாராயணத்தில்) மட்டும் பரமத நூல்களைக் கலக்க வேண்டாம்.

பழகுவதற்கு உற்பத்யசம்பவாதிகரணம் என்ற அதிகரணம் (ஒரே பொருள் பற்றிய சூத்திரத் தொகுதி) நல்ல இடம். வைணவ ஆகமமான பாஞ்சராத்திரம் பற்றிய நாலு சூத்திரங்கள். இரண்டு பாஷ்யங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். சூத்திர எண்ணை நம்பித் தேடினால் வேறு இடத்தில் போய் நிற்பீர்கள்: சங்கரருக்கு 2.2.42–45, ராமானுஜருக்கு 2.2.39–42. முதல் சொல்லைக் கொண்டு தேடுங்கள். பிறகு நோட்டில் ஒவ்வொரு சூத்திரத்துக்கும் எதிரே 'பூ' அல்லது 'சி' என்று குறியுங்கள், பூர்வபட்சமா சித்தாந்தமா (ஆசாரியரின் சொந்த முடிவா) என்று தெரிய. சங்கரருக்கு நாலுமே பாஞ்சராத்திரத்தின் மீதான ஆட்சேபம். ராமானுஜருக்கு முதல் இரண்டு பூர்வபட்சம். மூன்றாவதில் வரும் 'வா' என்ற வடசொல்லில் கட்சி மாறி, சித்தாந்தம் தொடங்குகிறது. இந்தக் குறி இல்லாமல் படிப்பவர்கள், ஆட்சேபத்தையே ஆசாரியர் வாக்காக மேற்கோள் காட்டிவிடுகிறார்கள். அடிக்கடி நடக்கும் பிழை இதுதான்.

மற்ற தரிசனங்களில் எதை ஏற்கிறோம், எதை விடுகிறோம் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சாங்கியத்தின் முக்குணம் சரி, ஈசுவரன் இல்லாமல் தானே இயங்கும் பிரகிருதி (மூல இயற்கை) ஏற்கத்தக்கதல்ல. நியாயம் வாதத்துக்கு அவசியம், அதன் தொடக்கநிலை நூலான தர்க்க சங்கிரகத்தை முதலிலேயே முடித்துவிடுங்கள்; ஆனால் அனுமானத்தால் (ஊகத்தால்) மட்டும் ஈசுவரனை நிறுவலாம் என்பதை ராமானுஜர் மூன்றாம் சூத்திரத்திலேயே மறுக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. பாசுபத அதிகரணத்தைப் படித்த சூட்டோடு திருவொற்றியூர்த் தேரடியில் சைவ சித்தாந்தியிடம் வாதுக்குப் போகாதீர்கள். அங்கே மறுக்கப்படுவது பாசுபதம் என்ற பழைய சைவப் பிரிவு, சைவ சித்தாந்தம் அல்ல. சைவ சித்தாந்த ஆசாரியரான மெய்கண்டார் ராமானுஜருக்குப் பிந்தியவர், 13ஆம் நூற்றாண்டு. சைவ சித்தாந்தியோடு பேச, அவர்கள் நூலான சிவஞான சித்தியாரின் சுபக்கத்தை (தம் கொள்கையைச் சொல்லும் பகுதியை) படித்துவிட்டுப் போங்கள். பிற மதங்களை மறுக்கும் பரபக்கத்தையும் விடாதீர்கள், அதில் பாஞ்சராத்திர மறுப்பு இருக்கிறது. அதற்குப் பதில் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும்.