பனிக்கட்டியை அரூப ஓவியமாகப் படமெடுக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் உள்ள ஆபிரகாம் ஏரிக்கு ஒவ்வொரு குளிர்காலத்திலும் புதியவர்கள் கேமராவோடு வருகிறார்கள். 1972-ல் பிக்ஹார்ன் அணையால் உருவான நீர்த்தேக்கம் அது. அடியில் செடிகொடிகள் மக்கி மீத்தேன் கிளம்புகிறது. மேலே வரும் வழியில் அது ஐஸில் மாட்டிக்கொண்டு, வெள்ளை வட்டுகளாக அடுக்கடுக்காக நிற்கிறது. பலத்த காற்று மேலே விழும் பனியைத் துடைத்துவிடுவதால் உள்ளே இருப்பது பளிச்சென்று தெரியும். மலையைச் சேர்த்து எடுத்தால் அது இயற்கைக் காட்சி. மலையை விட்டுவிட்டு, எந்தப் பொருள் என்று அடையாளம் தெரியாதபடி குமிழியையும் விரிசலையும் மட்டும் வைத்து அரூபப் படம் அமைப்பது வேறு வேலை. அதில் புதியவர்கள் செய்வதெல்லாம் நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள்தான். பேட்டரி சீக்கிரம் தீரும், விரல் மரத்துப்போகும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கேமராவைச் சாய்த்துப் பிடிப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். வெகுதூரத்திலிருந்து வந்த ஒரு இளைஞர் பகல் முழுக்க மண்டியிட்டுப் படமெடுத்தார். ராத்திரி லேப்டாப்பில் பார்த்தால், எல்லாப் படத்திலும் நடுவில் ஒரு பட்டை மட்டும் கூர்மை, மேலும் கீழும் மங்கல். மறுநாள் அவர் கிளம்பியாக வேண்டும்.

கணக்கு எளிது. ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் (கிட்டத்திலிருந்து எடுப்பதற்கானது), அரை மீட்டர் தூரம், லென்ஸின் துளை எஃப் 8 (எண் கூடினால் துளை சிறுக்கும், கூர்மையின் ஆழம் கூடும்) என்று வைத்துக்கொள்ளுங்கள். கூர்மையாக விழும் ஆழம் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். படத்தில் அடங்கும் அகலமோ 14 சென்டிமீட்டருக்கு மேல். பத்து டிகிரி சாய்ந்தாலே ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் இரண்டரை சென்டிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். முகத்தைப் படமெடுத்தால் கண் கூர்மையாக இருந்தால் போதும், மற்றதை மனம் மன்னித்துவிடும். அரூபப் படத்தில் அப்படி ஒரு கண் கிடையாது. நான்கு மூலைகளும் பேச வேண்டும்.

சரி, எஃப் 22 வைத்துவிடலாமே என்பார்கள். அப்போது சிறிய துளையில் ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால் படம் முழுக்கவே மங்கிவிடும், ஐஸின் மெல்லிய கீறல்கள்தான் முதலில் காணாமல் போகும்.

ட்ரைபாடின் நடுத்தண்டைப் படுக்கையாகத் திருப்பி, லென்ஸை நேர் கீழே பார்க்க வையுங்கள். ஐஸ்மேல் ஒரு சின்னக் கண்ணாடியைத் தட்டையாக வைத்து, திரையில் லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் விழும்வரை கேமராவை நகர்த்துங்கள். விழுந்துவிட்டால் கேமராவும் ஐஸும் இணையாக இருக்கின்றன என்று பொருள். கண்ணாடியை எடுத்துவிட்டு, திரையைப் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் பாருங்கள். ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள், அது மேற்பரப்புக் கீறலைத்தான் பிடிக்கும். எந்த அடுக்குக் குமிழி வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

போலரைசர் எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று நம்புவது

போலரைசர் என்பது பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டித் திருகும் வடிகட்டி. நேர் கீழே பார்க்கும்போது அதைத் திருகினாலும் பிரதிபலிப்பு அசையாது. ஐஸில் அது முழுதாக வேலை செய்வது, செங்குத்திலிருந்து சுமார் 53 டிகிரி சாய்ந்து பார்க்கும்போதுதான். அதாவது மேலே சொன்னதற்கு நேர் எதிர். நான் குடையை விரித்து வானத்தை மறைத்துவிடுவேன், பிரதிபலிப்பு அடங்கிவிடும். சில சமயம் அந்த வானத்து நீலமே படமாகிவிடும். அப்போது குடையும் வேண்டாம்.

வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விடுவது

படத்தின் நிறச் சாயலைக் கேமராவே சரிசெய்யப் போய் ஐஸின் நீலத்தைத் தின்றுவிடும். நிறத்தைப் பிறகு மாற்றிக்கொள்ள வசதியாக, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுங்கள்.

ஆணிப் பட்டையோடு படத்துக்குள் நடப்பது

முதலில் சுற்றி நின்று பாருங்கள். பூட்ஸில் மாட்டிய ஆணிகள் போட்ட கோடு மென்பொருளில் போகாது.

கரையோர ஐஸை நம்புவது

தனியாக நடக்க ஐஸ் குறைந்தது 15 சென்டிமீட்டர் கனம் இருக்க வேண்டும் என்கிறது கனடா செஞ்சிலுவைச் சங்கம். அடியில் தண்ணீர் தாங்கி நிற்கும்போதுதான் அந்தக் கணக்கு செல்லும். இந்த ஏரியில் மின்சாரத்துக்காகக் குளிர்காலத்திலும் தண்ணீரை இறக்குகிறார்கள். நீர்மட்டம் இறங்கியதும் கரையோர ஐஸ் அந்தரத்தில் தொங்கும், கனமாக இருந்தாலும் உடையும். காலடியில் வெற்றுப் பானைச் சத்தம் கேட்டால் வந்த வழியே திரும்புங்கள்.