டிராக்டருக்குப் பின்னால் 500 கிலோ எடைப்பெட்டி: ஸ்பேனரும் சங்கிலியும் அதற்குள்ளேயே

முன்னால் லோடர் மாட்டிய டிராக்டரில் பக்கெட் நிறைய எருவோ மண்ணோ அள்ளித் தூக்கினால் பின்சக்கரம் லேசாகிப் பிடிப்பு விட்டுப்போகும். அதைவிடப் பெரிய கெடுதல் முன் ஆக்ஸிலுக்கு. கிங்பின், புஷ், ஹப் பேரிங் எல்லாம் சீக்கிரம் தேயும். பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினால் போதாதா என்று பலரும் கேட்பதுண்டு. பிடிப்புக்கு அது உதவும், முன் ஆக்ஸிலின் சுமையை ஒரு கிலோகூடக் குறைக்காது. அதைக் குறைக்க வேண்டுமென்றால் எடை பின் ஆக்ஸிலைத் தாண்டிப் பின்னால் தொங்க வேண்டும்.

கணக்கு இதுதான். முன், பின் ஆக்ஸிலுக்கு நடுவே 2 மீட்டர், முன் ஆக்ஸிலிலிருந்து பக்கெட் 1.5 மீட்டர், பக்கெட்டில் 500 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் ஆக்ஸிலில் 875 கிலோ கூடும், பின் ஆக்ஸிலில் 375 கிலோ குறையும். பின் ஆக்ஸிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் 500 கிலோ தொங்கவிட்டால் முன்னால் 250 கிலோ குறைந்து, பின்னால் 750 கிலோ கூடும்.

200 லிட்டர் பேரலில் கான்கிரீட் ஊற்றி, குறுக்கே ஒரு கம்பியைச் செருகித் தூக்குபவர்கள் உண்டு. எடை வரும். ஆனால் உருளை வடிவம் ஆடும், கம்பி வளையும், சாமான் வைக்கவும் இடமிருக்காது. பெட்டியாகச் செய்வதே மேல்.

வெளி அளவு: அகலம் 850, முன்பின் ஆழம் 450, உயரம் 550 மி.மீ. இதைவிட அகலம் கூட்டினால் தூக்கும்போது டயரில் உரசக்கூடும். டூல் பெட்டிக்கும், கடப்பாறை, காம்பு செருகும் குழாய்களுக்கும் போக, சுமார் 168 லிட்டர் கான்கிரீட் பிடிக்கும். அது 400 கிலோ. இரும்பு 110 முதல் 120 கிலோ வரும்.

வாங்க வேண்டியவை: 50×50×6 ஆங்கிள் 7.5 மீட்டர், 75×12 பட்டை 4.5 மீட்டர், அடிக்கும் நான்கு பக்கத்துக்கும் 3 மி.மீ. தகடு, டூல் பெட்டிக்கு 2 மி.மீ. தகடு, 110 மி.மீ. பிவிசி குழாய் மூன்று துண்டு (ஒவ்வொன்றும் 450 மி.மீ.), கொஞ்சம் 10 மி.மீ. கம்பி. சிமெண்ட் ஒன்றரை மூட்டை, எம்-சாண்ட் 2.6 கன அடி, 20 மி.மீ. ஜல்லி 5.2 கன அடி.

டிராக்டரின் பின்னால் கீழே இரண்டு லிங்க், மேலே நடுவில் ஒரு டாப் லிங்க் இருக்கும். அவற்றில் பெட்டியை மாட்டும் கொக்கி அளவுகளை உங்கள் கொத்துக் கலப்பையிலிருந்தே எடுங்கள். 40 முதல் 50 எச்.பி. வண்டிகளில் பெரும்பாலும் கேட்டகரி 2 என்ற கொக்கி வகை இருக்கும்: கீழ் பின் (மாட்டும் ஆணி) 28 மி.மீ., டாப் லிங்க் பின் 25 மி.மீ. சின்ன வண்டியில் கேட்டகரி 1 என்றால் 22, 19. கீழ்ப் பின்கள் பெட்டியின் அடியிலிருந்து 100 மி.மீ. உயரத்தில் வரட்டும்.

முதலில் ஆங்கிளில் கூடு கட்டுங்கள். அடுத்த வேலைதான் முக்கியம். பட்டையைக் கீழ்ப் பின் வரும் இரு இடங்களிலும் முன்பக்கமாக இறக்கி, அடியில் பின்பக்கம்வரை கொண்டுபோய், பின்பக்கத்தில் 100 மி.மீ. மேலேற்றி வெல்ட் செய்யுங்கள். கான்கிரீட் இந்த இரும்புத் தொட்டிலில் உட்கார வேண்டும். தகட்டில் மட்டும் பற்றவைத்த கொக்கி, மேட்டில் குதிக்கும் முதல் நாளே தகட்டைக் கிழித்துக்கொண்டு வரும். பின்னுக்கு இருபக்கமும் 12 மி.மீ. பட்டை கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தாங்கும் பின் வளைந்தே தீரும். மாஸ்ட்டுக்கு (டாப் லிங்க் மாட்டும் தூண்) இரண்டு பட்டைகளை நடுவில் நிமிர்த்தி, டாப் லிங்க் முனையிலுள்ள குண்டு 2 மி.மீ. தளர்வோடு நுழையும்படி இடைவெளி விடுங்கள். அவற்றின் உச்சியிலிருந்து பெட்டியின் பின் மேல் ஆங்கிளுக்கு ஒரு சாய்வுத் தாங்கு தேவை.

டூல் பெட்டி 400 அகலம், 300 ஆழம், 250 உயரம். பின்பக்கம், நடுவில், மேல்பாதியில் அமையட்டும். ஓரத்தில் வைத்தால் அந்தப் பக்கம் 70 கிலோ கான்கிரீட் குறைந்து, வண்டி ஒருக்களித்து நிற்கும். அதன் தளத்தை வெளிப்பக்கம் 10 மி.மீ. சரித்து வையுங்கள். கதவின் கீல் மேலே இருக்க வேண்டும். அதற்கு மேல் 20 மி.மீ. தகடு விளிம்பு நீட்டினால் மழைத்தண்ணீர் உள்ளே போகாது.

கதவை இப்போதே மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றி வையுங்கள். ஈரக் கான்கிரீட் டூல் பெட்டியின் சுவரை உள்நோக்கி அமுக்கும். உள்ளே மரக்கட்டைகளை முட்டுக் கொடுக்காமல் ஊற்றினால் சுவர் புடைத்து, பிறகு கதவு மூடாது. டூல் பெட்டியைக் கூட்டோடு நாலு மூலையிலும் வெல்ட் செய்வதும் கட்டாயம்: 30 லிட்டர் வெற்றிடத்தைக் கான்கிரீட் 70 கிலோ விசையில் மேலே தள்ளும். பிவிசி குழாய்க்கும் இதே கதைதான். அடியை மூடி, மணல் நிரப்பி, கூட்டோடு கம்பியால் இறுகக் கட்டாவிட்டால் பாதி ஊற்றும்போதே மிதந்து மேலே வந்து நிற்கும். ஒவ்வொரு குழாயின் அடியிலிருந்தும் அரை அங்குல வடிகால் குழாய் ஒன்றைப் பெட்டிக்கு அடியில் வெளியே விடுங்கள். மண்வெட்டிக் காம்பு, கடப்பாறை, லிவர் இவற்றை பிவிசி குழாய்களில் செருகலாம். கடப்பாறைக் குழாய் பின் ஓரத்தில், சற்றுப் பின்சாய்வாக இருக்கட்டும், ஓட்டுபவரின் முதுகுப்பக்கம் சாயக்கூடாது. ஆடிச் சத்தம் போடாமலிருக்க சைக்கிள் டியூபைச் சுற்றினால் போதும்.

தகட்டின் உள்பக்கம் 10 மி.மீ. கம்பித் துண்டுகளைப் பத்துப் பதினைந்து இடத்தில் வெல்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் காய்ந்து சுருங்கிய கான்கிரீட் வழவழப்பான தகட்டுக்குள் கடகடவென்று ஆடும்.

கலவை 1:1.5:3. தண்ணீர் 35 லிட்டரைத் தாண்ட வேண்டாம். ஊற்றச் சுலபம் என்று தண்ணீரைக் கூட்டுவதுதான் வழக்கமான தவறு. அப்படிச் செய்தால் வலு குறையும். மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் கம்பியால் குத்திவிட்டு, வெளித் தகட்டைச் சுத்தியலால் தட்டுங்கள். மேல்பரப்பைப் பின்பக்கம் சரித்து முடியுங்கள். தண்ணீர் தேங்கினால் தகட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே இறங்கித் துருப்பிடிக்கும். ஈரச்சாக்குப் போட்டு ஏழு நாள் நனைக்க வேண்டும். அதற்கு முன் தூக்காதீர்கள். முழு வலு வர 28 நாள்.

மாட்டும்போது கீழ் லிங்க் செயினை இறுக்குங்கள், தளர்ந்தால் பெட்டி டயரில் இடிக்கும். பி.டி.ஓ. (டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டு) மூடி போட்டே இருக்கட்டும். மெதுவாக உச்சம்வரை தூக்கி, பி.டி.ஓ. முனைக்கும் பெட்டிக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டும்போது தரையிலிருந்து ஓரடி உயரம் போதும். ஏற்றிப் பிடித்து ஓட்டினால் வண்டி பக்கவாட்டில் சாய வாய்ப்பு அதிகம். தூக்கி நிற்கும் பெட்டிக்கு அடியில் கை, கால் நுழைக்கக் கூடாது. சீல் போனால் ஹைட்ராலிக் சொல்லாமல் இறங்கும்.

உள்ளே 10 முதல் 24 வரை ஸ்பேனர் செட், உபரி டாப் லிங்க் பின், லிஞ்ச் பின் (பின் கழலாமல் பூட்டுவது), ஷாக்கிள் (சங்கிலி மாட்டும் வளையம்), கிரீஸ் கன், இழுவைச் சங்கிலி வைக்கலாம். டீசல் கேன் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். கழற்றி வைக்கும்போது ஈர மண்ணில் இறக்கினால் ஒரே இரவில் புதைந்துவிடும், அடியில் இரண்டு மரக்கட்டை போடுங்கள். கொக்கிப் பட்டை வெல்டிங்கை முதல் பத்து மணிநேர ஓட்டத்துக்குப் பிறகு துடைத்துப் பாருங்கள். பெயிண்டில் முடிபோல் கோடு தெரிந்தால் அது விரிசல். அரைத்தெடுத்து மறுபடி வெல்ட் செய்த பிறகே மாட்ட வேண்டும்.