தெரியாத மீன் சிக்கிவிட்டதா? தண்ணீரில் திரும்ப விடுவதற்கு முன் ஒரு நிமிஷம்

"அண்ணே, இது என்ன மீன்?" என்று கேட்டு எனக்குப் படங்கள் வந்துகொண்டே இருக்கும். தூண்டில் போடுபவர்கள், தொட்டி மீன் வளர்ப்பவர்கள், கரையோரம் நடக்கப் போனவர்கள் எல்லோரும் அனுப்புவார்கள். பாதிப் படங்களில் மீனைவிட அதைப் பிடித்திருக்கும் கைதான் பெரிதாகத் தெரியும். மீதியில் வாளிக்குள் மங்கலாக ஒரு முதுகு. எங்கே கிடைத்தது என்று திருப்பிக் கேட்டால், "தெரியலண்ணே, ஃப்ரெண்டோட ஃப்ரெண்டு அனுப்பினது" என்பார்கள். அதற்கு மேல் நான் என்ன செய்ய? தன் ஊரைவிட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒரு மீன் நிஜமாகவே தலைகாட்டியிருக்கலாம். இடமும் தேதியும் உருப்படியான படமும் இல்லாவிட்டால் அது வதந்திக் கணக்கில்தான் சேரும்.

நல்ல படம் என்ன செய்யும் என்பதற்கு 2019இல் கலிபோர்னியாவில் சாண்டா பார்பரா பக்கம் கரை ஒதுங்கிய சூரியமீனைச் சொல்வேன். அந்தக் கடலில் வழக்கமாகத் தென்படும் இனம்தான் என்று முதலில் நினைத்தார்கள். உயிரினப் படங்களைப் போட்டு அடையாளம் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படங்கள் ஏறியதும், இது தென் அரைக்கோளத்து மீனாகக் கருதப்பட்ட, 2017இல்தான் பெயர் பெற்ற 'மோலா டெக்டா'வாக இருக்குமோ என்று சந்தேகம் எழுந்தது. அந்த இனத்தை விவரித்துப் பெயரிட்ட மரியான் நீகார்டே முதல் படங்களை வைத்து அடித்துச் சொல்லவில்லை. கிட்டத்தில் எடுத்த படங்கள் வேண்டும் என்றார். அதற்குள் மீன் தண்ணீரில் நகர்ந்துபோயிருந்தது. தேடிக் கண்டுபிடித்து, உடம்பின் பின்விளிம்பை நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பிய பிறகுதான் உறுதியானது. பெயர் வைத்தவருக்கே அவ்வளவு தேவைப்பட்டது என்றால், வாளியில் தெரியும் முதுகை வைத்து நான் என்ன சொல்ல?

முதலில் கை பத்திரம்

பெயர் தெரியாத மீனை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். இந்தோ-பசிபிக் கடலைச் சேர்ந்த சிங்கமீன் 1985இல் ஃபுளோரிடா கரையோரம் முதலில் பதிவானது. இன்று கரீபியன் கடல் முழுக்க இருக்கிறது. அதன் முதுகு, வயிறு, அடித்துடுப்பு மூன்றிலும் விஷ முட்கள் உண்டு. செத்த மீனின் முள்ளும் குத்தினால் விஷம் ஏறும். குத்திவிட்டால், தோல் பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில், ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸ், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை கையை வைத்திருங்கள். அந்த விஷம் சூட்டுக்குச் சிதையும் புரதம். கொதிக்கும் நீரில் கையை விட்டுப் பொசுக்கிக்கொள்ள வேண்டாம். மருத்துவரைப் பார்ப்பதையும் தள்ளிப்போடாதீர்கள்.

தின்று பார்த்துத் தெரிந்துகொள்வதும் கூடாது. சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்குள் புகுந்து 2003இல் துருக்கிக் கரையில் பதிவான வெள்ளிக்கன்னப் பேத்தை மீனின் உடலில் டெட்ரோடோடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அது போகாது.

படமெடுப்பது

இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மீனை ஈரமான, ஒரே நிறமுள்ள தட்டையான பரப்பில் கிடத்துங்கள். தலை இடப்பக்கம் இருக்கட்டும். மீன் நூல்களில் எல்லாப் படமும் அப்படித்தான் இருக்கும், ஒப்பிட வசதி. நிழலில் எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். செதில் வெளிச்சத்தை அடித்துத் திருப்பிவிட்டால் அடையாளக் கோடெல்லாம் வெள்ளையாகிவிடும். பக்கத்தில் அளவுகோல் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாணயம். மீனைக் கேமராவை நோக்கி நீட்டிப் பிடித்துப் பெரிதாகக் காட்டும் வித்தையைத் தயவுசெய்து இங்கே காட்டாதீர்கள்.

முழுப் பக்கவாட்டுப் படம் ஒன்று எடுத்ததும், துடுப்புகளை விரல் நுனியால் மெல்ல விரித்து இன்னொன்று. வாய், தலையின் மேற்புறம் இரண்டும் தனித்தனியாக வேண்டும். கட்டாயம் வயிறு. வயிற்றை யாருமே எடுப்பதில்லை. தென் அமெரிக்காவிலிருந்து தொட்டி வியாபாரத்தில் கிளம்பி, இன்று பல கண்டங்களின் ஆறு குளங்களில் பெருகிக் கிடக்கும் டேங்க் கிளீனர் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். எலும்புத் தகடு போர்த்திய உடம்பு, அடியில் உறிஞ்சும் வாய். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். மல்லாக்கப் போட்டால் ஒன்றின் வயிற்றில் தனித்தனிப் புள்ளிகள், இன்னொன்றில் புழு நெளிந்தாற்போன்ற கோடுகள். இனம் பிரிக்க முதலில் பார்ப்பது அதைத்தான். இரண்டும் கலந்து பிறந்தவையும் உண்டு என்பதால், வயிற்றை மட்டும் பார்த்துச் சத்தியம் செய்ய மாட்டேன். முதுகுத் துடுப்பில் முன்னால் நிற்கும் முள்ளை விட்டுவிட்டு, பின்னால் வரும் மென்கதிர்களையும் எண்ணுங்கள். வழக்கமாக 7 என்றால் ஹைப்போஸ்டோமஸ் வகை. 9 அல்லது அதற்கு மேல் என்றால் டெரிகோப்ளிக்திஸ் வகை. துடுப்பு விரிந்த படம் இருந்தால் இதை நானே எண்ணிக்கொள்வேன்.

படம் எடுக்கும்போது போனில் இடக்குறிப்பு வேலை செய்கிறதா என்று பாருங்கள். செய்திச் செயலிகளில் படமாக அனுப்பினால் பெரும்பாலும் சுருக்கிவிடும், கூடவே இடமும் நேரமும் போய்விடும். ஃபைலாக அனுப்புங்கள், அல்லது ஆயத்தொலைவு எண்களைத் தனியாக எழுதி அனுப்புங்கள்.

அவசரப்பட்டுப் பெயர் சூட்டாதீர்கள்

"பிரானா!" என்று வரும் படங்களில் பெரும்பாலானவை பாக்கு மீன்கள். வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். பிரானாவுக்கு முக்கோணமாக, கத்தி முனை போல இருக்கும். பாக்குவுக்குச் சதுரமாக, மனிதக் கடைவாய்ப் பல் மாதிரி. 2013இல் டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே ஓரெசுண்ட் நீரிணையில் ஒரு பாக்கு சிக்கியபோது, விதைப்பையைக் கடித்துவிடும், நீந்தப் போகும் ஆண்கள் ஜாக்கிரதை என்று உலகம் முழுக்கத் தலைப்புப் போட்டுக் கலவரப்படுத்தினார்கள். டென்மார்க் அருங்காட்சியகத்தார் பாதி விளையாட்டாகச் சொன்னது அது.

ஆபத்து இன்னொரு பக்கமும் இருக்கிறது. வட அமெரிக்காவில் அந்நிய விரால் என்று நினைத்து, அந்த மண்ணுக்கே உரிய போஃபின் மீனை அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். வாலுக்கு முன்னால் அடியில் இருக்கும் துடுப்பைப் பார்த்தால் போதும்: விராலுக்கு நீளம், போஃபினுக்குக் குட்டை. தங்கமீன், கெண்டை குழப்பமும் அடிக்கடி வரும். விட்டுவிட்ட தங்கமீன்களின் சந்ததி சில தலைமுறையில் ஆரஞ்சு நிறம் போய்ப் பாசிப் பழுப்பாகிவிடும். சாதாக் கெண்டைக்கு வாயோரம் இரண்டு ஜோடி மீசை இருக்கும்; தங்கமீனுக்கு மீசையே கிடையாது.

விடுவதா, கொல்வதா

இதற்குச் சட்டம் ஊருக்கு ஊர் வேறு. சில இடங்களில் அந்நிய மீனைத் திரும்ப விடுவதே குற்றம். அநேக இடங்களில் உயிரோடு கொண்டுபோவது குற்றம். மீன்பிடிக்கப் போவதற்கு முன்பே மீன்வளத் துறையின் பட்டியலைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். என் கட்சி இது: அந்நிய மீன் என்று ஐயமில்லாமல் தெரிந்து, சட்டமும் இடம்கொடுத்தால் தண்ணீருக்குள் திரும்பப் போகக் கூடாது. கொல்வதைச் சட்டென்று முடித்துவிடுங்கள், துடிக்கவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டாம். சந்தேகம் இருந்து, கேட்கவும் ஆள் கிடைக்கவில்லை என்றால், எல்லாப் படத்தையும் எடுத்துவிட்டுப் பிடித்த இடத்திலேயே விடுங்கள். வேறு குளத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

வைத்துக்கொள்வதானால் உறைய வையுங்கள். பிளாஸ்டிக் பையில் மீனோடு ஒரு துண்டுச்சீட்டு: தேதி, இடம், பிடித்த விதம், பிடித்தவர். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரைந்து ஓடிவிடும். வால் துடுப்பில் நகக்கண் அளவு வெட்டி 95 சதவீத எத்தனாலில் போட்டு வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவம் உருவத்தைக் காக்கும், டிஎன்ஏவைக் கெடுத்துவிடும்.

அந்தத் துடுப்புத் துண்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 2002இல் மேரிலாண்டில் குரோஃப்டன் ஊர்க் குளம் ஒன்றில் ஆசிய விரால்கள் பெருகிவிட்டன. சந்தையில் உயிரோடு வாங்கிய இரண்டு மீன்களை ஒருவர் விட்டதில் வந்த வினை. குளத்தில் ரோட்டினோன் நஞ்சு கலந்து ஒழித்தார்கள். 2004இல் பக்கத்துப் பொட்டோமாக் ஆற்றில் விரால் பிடிபட்டதும், குளத்திலிருந்து தப்பியதுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். மரபணுவைப் பார்த்தபோது அப்படியில்லை. ஆற்றில் வேறு யாரோ தனியாக விட்டிருக்கிறார்கள்.

சுற்றுமுற்றும் பாருங்கள்

ஒற்றை மீன் என்றால் தொட்டியிலிருந்து யாரோ கொட்டியதாக இருக்கலாம். பல அளவுகளில் இருந்தால், குஞ்சும் கண்ணில் பட்டால், அது அங்கே குடும்பம் நடத்துகிறது. அதைக் கட்டாயம் எழுதுங்கள். தேய்ந்த துடுப்பு இருந்தால் தொட்டியோ பண்ணையோ என்று யோசிக்கலாம். வெந்நீர் வந்து கலக்கும் வாய்க்காலா என்றும் பாருங்கள். ஜெர்மனியில் கில்பாக் என்ற ஓடை அனல்மின் நிலையத்து வெந்நீரால் குளிர்காலத்திலும் சூடாக இருப்பதால் கப்பி மீன்கள் அங்கே வாழ்கின்றன. மிதந்துவந்த படகு, மரக்கட்டை இருந்தால் அதையும் படமெடுங்கள். 2011 சுனாமியில் அடித்துச் செல்லப்பட்ட ஒரு ஜப்பானியப் படகு 2013இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஒதுங்கியபோது, உள்ளே தேங்கிய நீரில் ஐந்து கோடுபோட்ட மீன்கள் உயிரோடு இருந்தன. படகைப் பார்த்திராவிட்டால் அவை பசிபிக்கைக் கடந்து வந்தவை என்று யார் நம்பியிருப்பார்கள்?

தகவல் போக வேண்டிய முதல் இடம் மீன்வளத் துறை. கூடவே ஐநேச்சுரலிஸ்டிலும் ஏற்றுங்கள்; ஆஸ்திரேலியாவில் இருந்தால் இதற்கென்றே ரெட்மேப் என்ற தளம் இருக்கிறது. அரிய மீன் என்றால் பொதுவெளியில் சத்தம் போடுவதற்கு முன் அவர்கள் பதிலுக்குக் கொஞ்சம் பொறுங்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை உறைபெட்டியில் இருக்கும் பொட்டலத்தின் மேல் "சமைக்காதே" என்று பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள்.