வைகை மாடலில் கண்மாய்களைச் சேர்த்தது

வைகைப் படுகைக்கு, மழை, மண், நிலப்பயன்பாட்டை வைத்து ஆற்று நீரோட்டத்தைக் கணக்கிடும் ஸ்வாட் என்ற கணினி மாடலை ஓட்டியபோது, நீரோட்டம் ஆற்றின் மேல்பகுதியில் அளந்ததைவிடக் குறைவாகவும், கீழ்ப்பகுதியில் ஐப்பசி, கார்த்திகையில் மிக அதிகமாகவும் வந்தது. மழையில் எவ்வளவு வழிந்தோடும் என்று மாடலுக்குச் சொல்லும் வளைவு எண்ணை இரண்டு வாரம் ஏற்றி இறக்கினேன். ஒன்று சரியானால் இன்னொன்று கெட்டது.

முதல் குறை சுலபம். 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியாக வைகைக்கு வருகிறது. படுகைக்கு வெளியிலிருந்து வருவது மாடலுக்கு எப்படித் தெரியும்? லோயர் கேம்ப் பக்கம் தினசரி வரத்தாகச் சேர்த்தேன்.

கீழே நடந்த தவறுதான் என்னை உலுக்கியது. செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கினால் வளைந்த கரைகளோடு கண்மாய்கள், ஒன்று நிரம்பிக் கலுங்கில் வழியும் நீர் அடுத்ததற்குப் போகிறது. கோடைப் படத்தில் வரைந்த நிலப்பயன்பாட்டு வரைபடமோ அவற்றைத் தரிசு என்றது! துணைப்படுகை வாரியாகக் குளக் கொள்ளளவைக் கொடுத்தேன், உச்சம் தணிந்தது. அப்புறம்தான், வருங்கால நீரோட்டத்தைப் பார்க்க, வருங்கால மழைத்தரவை உள்ளே விட்டேன்.