நிறுத்திவிட்டு ஆற்றைப் பாருங்கள்: செக்வே சுற்றுலாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் நான் இருக்கும் மினியாபோலிஸுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் வாரமே மிசிசிப்பி ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்விடுவேன். அவ்வளவு நீளமான ஆற்றில் பெரிய அருவி என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான், செயின்ட் அந்தோணி அருவி. அது நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது. அந்தத் தண்ணீரின் விசையில்தான் ஒரு காலத்தில் கரை நெடுக மாவு மில்கள் ஓடின. 1880 முதல் 1930 வரை உலகத்திலேயே அதிகமாகக் கோதுமை மாவு அரைத்த ஊர் இதுதான். இடிந்த மில் சுவர்கள், கல் வளைவுப் பாலம், அருவி, ஆற்றுப் பக்கமாக அந்தரத்தில் நீண்டு நிற்கும் கத்ரி நாடக அரங்கின் மாடம் என்று பார்க்க வேண்டியவை கரை நெடுகச் சிதறிக் கிடக்கின்றன. அத்தனை தூரம் நடக்க முடியாதவர்களோடு, வழிகாட்டி முன்னால் போகும் செக்வே சுற்றுலாவில் நான்கைந்து தடவை போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட அதே தவறுகளைத்தான் பார்த்தேன். சிலவற்றை நானே செய்திருக்கிறேன்.

முதலில் வண்டியைப் புரிந்துகொள்ள வேண்டும். செக்வேயில் ஆக்ஸிலரேட்டர் கிடையாது, பிரேக்கும் கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சக்கரம், நடுவில் நிற்க ஒரு பலகை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, அவ்வளவுதான். பலகைக்கு அடியில் இருக்கும் சென்சார்கள், பலகை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பதை விநாடிக்கு நூறு தடவை அளக்கின்றன. நீங்கள் முன்னால் சாய்ந்தால், விழாமல் உங்களைத் தாங்கிப் பிடிக்கச் சக்கரங்கள் முன்னால் ஓடி உங்களுக்குக் கீழே வருகின்றன. பின்னால் சாய்ந்தால் வேகம் குறைந்து நிற்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. எடை எங்கே போகிறது என்பது மட்டும்தான் தெரியும். கீழே நான் சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

போன வருஷம் என் மாமனாரைக் கூட்டிப்போனேன். ஏறினதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளை, இதுல பிரேக் எங்க இருக்கு?" முப்பது வருஷம் டிவிஎஸ் 50 ஓட்டிய கை. விரல்கள் தானாகவே கைப்பிடிக்கு முன்னால் இல்லாத லீவரைத் தேடின. கிடைக்கவில்லை என்றதும் பயத்தில் கம்பியை நெஞ்சோடு இழுத்துப் பிடித்தார். இழுத்தால் பலகை பின்பக்கம் சாயும், வண்டி பின்னால் போகும். பின்னால் போகிறதே என்று அவர் முன்னால் குனிந்தார். உடனே முன்னால் ஓடியது. மறுபடி இழுத்தார். நின்ற இடத்திலேயே தொட்டில் மாதிரி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். புதிதாக ஏறுகிற நிறையப் பேருக்கு முதல் ஐந்து நிமிஷம் இப்படித்தான் போகிறது.

கம்பி தொங்குவதற்கு இல்லை, இடம் வலம் திரும்புவதற்கு. விரல் நுனியால் பிடித்தாலே போதும். கண் தூரத்தில் இருக்கட்டும், முட்டியை லேசாக மடக்கிக்கொள்ளுங்கள். கூட்டமான டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போகும்போது டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் நம் கால் என்ன செய்யும்? முட்டி மடங்கி, உடம்பு தானாகச் சமாளிக்கும். அந்தக் காலை வைத்து நில்லுங்கள். இதைச் சொன்ன பிறகு மாமாவுக்கு இரண்டே நிமிஷத்தில் பிடிபட்டுவிட்டது. விறைப்பாக நின்றால் இரண்டு மணி நேரம் கழித்துப் பாதம் மரத்துப்போகும், கெண்டைக்கால் கடுக்கும். வண்டி நிற்கும் இடங்களில் எல்லாம் இறங்கிக் காலை உதறிக்கொள்வது நல்லது.

ஏறும்போதே செய்யும் இன்னொரு தவறு, வண்டி தயாராகும் முன் கால் வைப்பது. 2003-இல் அப்போதைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், மெய்ன் மாநிலத்தில் இருக்கும் தன் குடும்ப வீட்டில் செக்வேயில் ஏறப்போய்க் குப்புறப் போனார். படம் உலகமெல்லாம் போனது. வண்டி ஆன் ஆகாமல் இருந்ததுதான் காரணம் என்று அப்போது செய்தி வந்தது. ஆன் ஆகாத செக்வே வெறும் இரண்டு சக்கரம், தானாக நிற்கவே நிற்காது. பச்சை விளக்கு எரிந்து, வழிகாட்டி "ஏறலாம்" என்று சொன்ன பிறகு ஒரு காலை வையுங்கள். கொஞ்சம் பொறுத்து அடுத்த கால்.

முன்பதிவு செய்யும்போது நடக்கும் தவறைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நான் செய்தது. பெரும்பாலான சுற்றுலாக்களில் ஓடும் ஐ2 வகை செக்வேக்குக் குறைந்தது 45 கிலோ, அதிகபட்சம் 118 கிலோ என்று எடைக் கணக்கு உண்டு. என் மாமியார் 43 கிலோ. "ரெண்டு கிலோதானே" என்று படிவத்தில் 46 என்று போட்டுவிட்டேன். அங்கே எடை மிஷினில் நிற்கவைத்துப் பார்த்து, ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அவர்கள் செய்ததுதான் சரி. வண்டி மட்டுமே ஏறத்தாழ 47 கிலோ. அதை நிறுத்துவது நம் உடம்பின் எடைதான். எடை போதாவிட்டால் பின்னால் சாய்ந்தாலும் வண்டி உடனே அடங்காது, முக்கியமாக இறக்கத்தில். குழந்தைகளுக்கு வயது போதும், எடை போதாது என்று வந்தாலும் இதே காரணம்தான். அந்த விஷயத்தில் கெஞ்சாதீர்கள், பொய் எண்ணும் எழுதாதீர்கள். கர்ப்பிணிகள் ஏறவே கூடாது.

(மாமியார் அன்று என் மனைவியோடு மில் சிட்டி மியூசியத்துக்குப் போனார். 1878-இல் மாவுத் தூசி தீப்பிடித்து வெடித்து 18 பேர் செத்துப்போன வாஷ்பர்ன் ஏ மில் இருந்த இடம் அது. திரும்பக் கட்டிய மில்லும் பிறகு தீயில் போய், அந்த இடிபாட்டுக்குள்தான் மியூசியம் இருக்கிறது. மாவு வெடிக்கும் என்பது அவருக்கு நம்பவே முடியாத செய்தி. எங்களைவிட அவருக்குத்தான் அன்றைய பொழுது நன்றாகப் போனது.)

உடை விஷயத்தில், துப்பட்டாவும் புடவைத் தலைப்பும் சக்கரத்தின் பக்கம் பறக்கக் கூடாது. செருப்பு வேண்டாம், தட்டையான ஷூ போதும். கைப்பையைக் கம்பியில் மாட்டாதீர்கள். பையின் எடை கம்பியை முன்னால் இழுக்கும், அதையும் வண்டி நீங்கள் சாய்வதாகத்தான் எடுத்துக்கொள்ளும். முதுகுப்பை நல்லது.

இன்னொன்றும் பதிவு செய்யும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பி வைத்த பழைய பெரிய செக்வேயின் உற்பத்தி 2020 ஜூலையோடு நின்றுவிட்டது. இப்போது ஓடுபவை பெரும்பாலும் வயதான வண்டிகள். அதனால் டயரையும் பேட்டரிக் கோடுகளையும் ஒரு பார்வை பார்ப்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. பழைய வண்டிக்குப் பதிலாகச் சிறிய வகை கொடுத்தால், அதில் சிலவற்றை முழங்காலால்தான் திருப்ப வேண்டும். பழக்கம் வேறு, பயிற்சியும் வேறு.

சரி, இனி பாலத்துக்கு வருவோம். ஆற்றோரச் சுற்றுலாவின் முக்கியமான தவறு நடக்கும் இடம் அதுதான்.

கல் வளைவுப் பாலம் 1883-இல் ஜேம்ஸ் ஜே. ஹில் என்ற ரயில்வே முதலாளி ரயிலுக்காகக் கட்டியது. 1994 முதல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் திறந்துவிட்டார்கள். நீளம் ஏறத்தாழ 640 மீட்டர். மேற்குக் கரையிலிருந்து ஏறினால் முதலில் ஒரு வளைவு, அப்புறம் நேர்ப்பாதை. இடது பக்கம் அருவி. 1869-இல் ஆற்றுக்கு அடியில் தோண்டிய ஒரு சுரங்கம் இடிந்து, அருவியே கரைந்துபோகும் நிலை வந்தது. அதைக் காப்பாற்றப் போட்ட தடுப்புகளின் தொடர்ச்சியாக, இன்று தண்ணீர் ஒரு கான்கிரீட் சரிவில்தான் இறங்குகிறது. ஆனாலும் பனி உருகும் வசந்த காலத்தில் அது போடும் இரைச்சலைக் கேட்டால் யாருக்கும் தலை தானாகத் திரும்பும்.

தலை திரும்பினால் தோள் திரும்பும். தோள் திரும்பினால் கை கம்பியைச் சாய்க்கும். வண்டியும் அந்தப் பக்கமே போகும். மாமாவுக்கு நடந்தது அதுதான். நான் அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். வளைவு முடிந்து அருவி கண்ணில் பட்டதும் அவர் முகம் இடது பக்கம் போனது. முகம் போன கொஞ்ச நேரத்துக்குள் சக்கரமும் இடது பக்கம் கோடு மாறியது. "மாமா, நேரா பாருங்க!" என்று கத்தினேன். அவர் என் குரல் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். இடது சக்கரம் கைப்பிடிச் சுவரோரம் உரசி நின்றது, வலது சக்கரம் நிற்கவில்லை. வண்டி அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி அவரை இறக்கிவிட்டது. கணுக்காலில் சிராய்ப்பு, வேறு ஒன்றும் இல்லை. கத்தியது என் தவறு. முன்னால் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடவே கூடாது.

2015-இல் பெய்ஜிங் உலகத் தடகளப் போட்டியில் 200 மீட்டர் வென்றுவிட்டு நடந்துபோன உசைன் போல்ட்டைப் பின்னாலிருந்து செக்வே இடித்துத் தள்ளியது நினைவிருக்கும். ஓட்டியவர் ஒளிப்பதிவாளர், வேலைக்காக அதில் ஏறியிருந்த ஆள். கவனம் போல்ட்டின் மேல் இருந்தது. சக்கரம் ஓரத்தில் கேமரா ஓடப் போட்டிருந்த தண்டவாளத்தில் இடித்தது. வேலைக்காக ஓட்டுபவருக்கே அந்தக் கதி.

அதனால் என் வழக்கம் இதுதான்: ஓடும்போது பாதை, நின்றால் ஆறு. பார்க்க வேண்டிய இடங்களில் வழிகாட்டி நிறுத்தத்தான் செய்வார். நிறுத்தாத இடத்தில் உங்களுக்கு ஆசையாக இருந்தால், புறப்படும் முன்பே அவரிடம் சொல்லிவையுங்கள். ஓடிக்கொண்டே போன் எடுத்துப் படம் பிடிப்பதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒரு கை கம்பியை விட்ட நிமிஷமே எடை ஒரு பக்கம் போய்விடும்.

முன்னால் போகிறவரின் முதுகையே பார்த்துக்கொண்டு ஒட்டிப் போவதும் தவறுதான். அவர் நின்றால் நீங்கள் பின்னால் சாய்ந்து நிற்க இடம் வேண்டும். நான் இரண்டு வண்டி நீளத்துக்குக் குறையாமல் விடுவேன். பாலத்தில் குழந்தை வண்டியும் நாயும் சைக்கிளும் கலந்து வரும், ஒற்றை வரிசையைக் கலைக்காதீர்கள்.

வழிவிடும்போது பின்னால் போகாதீர்கள். ஆற்றோரத்தில் இதை நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகச் சொல்வேன். செக்வே கம்பெனியை வாங்கியிருந்த ஜிமி ஹெசல்டன் 2010 செப்டம்பரில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஒரு ஆற்றுப் பாறை விளிம்பிலிருந்து செக்வேயோடு விழுந்து இறந்தார். நாயோடு எதிரே வந்தவருக்கு மரியாதையாக வழிவிடப் பின்வாங்கியபோது அது நடந்திருக்கலாம் என்று மரண விசாரணையில் சொல்லப்பட்டது. (செக்வேயைக் கண்டுபிடித்தவரே அதில் விழுந்து இறந்தார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு. கண்டுபிடித்தவர் டீன் கேமன்.) பின்னால் என்ன இருக்கிறது என்பது நமக்கும் தெரியாது, வண்டிக்கும் தெரியாது. வழிவிட வேண்டுமானால் நின்று, இறங்கி, வண்டியைக் கையால் நகர்த்துங்கள்.

வேகத்தைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. இந்த வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். பயிற்சி நிலையில் அதில் பாதி. எல்லையை நெருங்கும்போது கம்பி தானாக உங்கள் பக்கம் எழும்பி உங்களைப் பின்னால் தள்ளும். ஏதோ கோளாறு என்று நினைத்து அதை எதிர்த்து இன்னும் சாய்கிறவர்கள் உண்டு. அது கோளாறு இல்லை. நீங்கள் விழாமல் பிடிக்க மோட்டாரிடம் கொஞ்சம் சக்தி மிச்சம் இருக்க வேண்டும், அந்த மிச்சத்தை அது காப்பாற்றுகிறது. தள்ளினால் தளர்ந்துகொடுங்கள். கம்பி அதிர்ந்து சிவப்பு விளக்கு வந்தால் உடனே நிறுத்தி இறங்குங்கள்.

தரை மாறும் இடங்களில் கவனம் வேண்டும். கிழக்குக் கரையில் மெயின் ஸ்ட்ரீட்டில் கல் பாவிய தெரு வரும். அங்கே வேகத்தைக் குறைத்து, முட்டியை இன்னும் கொஞ்சம் மடக்கினால் போதும். இலையுதிர் காலத்தில் பாதையில் ஈர இலை ஒட்டிக் கிடக்கும். சக்கரம் வழுக்கினால் வண்டியால் உங்களைத் தாங்க முடியாது, ஏனென்றால் சக்கரம் தரையைப் பிடிப்பதில்தான் அதன் சமநிலையே இருக்கிறது. மணலும் ஈரமான இரும்புத் தகடும் அப்படித்தான். நடைபாதை விளிம்பில் ஏற்ற முயலாதீர்கள், சரிவு வைத்த இடத்தில் நேராக ஏறுங்கள்.

கடைசியாக இறங்குவது. பயந்தவர்கள் முன்பக்கமாகக் குதிப்பார்கள், வண்டி பின்னாலேயே வந்து கணுக்காலில் இடிக்கும். முழுதாக நின்ற பிறகு, இரண்டு கையும் கம்பியில் இருக்க, ஒரு காலைப் பின்பக்கம் தரையில் வையுங்கள், அப்புறம் அடுத்த கால். இறங்கியதும் கம்பியை விட்டுவிடாதீர்கள். ஆள் இல்லாத செக்வே கொஞ்ச தூரம் உருண்டு போய் யார் காலிலாவது விழும், ஆற்றோரத்தில் என்றால் வேறு எங்காவது போகும். மாமா அன்று இதில் மட்டும் ஒரு தவறும் செய்யவில்லை. கணுக்காலில் பிளாஸ்திரியோடு, வழிகாட்டி வந்து வாங்கிக்கொள்ளும் வரை இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி நின்றார். அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை, இப்ப அந்த அருவியப் பாத்துட்டு வரலாமா?" என்று கேட்டார். நடந்தே போய்ப் பார்த்தோம்.