தந்தியைத் தொட்டாலும் அடங்காத இரைச்சல்

பெட்டியில் உதிரிகளாக வந்த டெலிகாஸ்டர் வகை மின்கித்தாரை சிங்கப்பூரில் என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டிலேயே பூட்டி முடித்தேன். ஆம்ப்ளிஃபயரில் செருகியதும் ஒரே ரீங்காரம். நான்கு நாள் தூக்கம் போனது.

தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப், ஒற்றைச் சுருள் வகை என்றால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலைக் கொஞ்சம் வாங்கத்தான் செய்யும் என்று முதலில் நினைத்தேன். கேபிளை மாற்றினேன். வால்யூம் குமிழின் சாலிடரை மறுபடி வைத்தேன். சிம் லிம் டவரில் தாமிர நாடா வாங்கிவந்து, இரைச்சலைத் தடுக்கக் கித்தாரின் உட்குழி முழுவதும் ஒட்டினேன். பெரிய மாற்றம் இல்லை.

பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். கேபிள் செருகுவாயின் உலோகத்தைத் தொட்டால் இரைச்சல் குறைந்தது. தந்தியைத் தொட்டால் குறையவில்லை. அப்படியானால் தந்திகளைத் தாங்கும் உலோகப் பகுதியான பிரிட்ஜுக்கு எர்த் இணைப்பு போகவில்லை. மல்டிமீட்டரை பிரிட்ஜிலும் குமிழின் முதுகிலும் வைத்தேன். இணைப்பு இருந்தால் அது கூவ வேண்டும்; சத்தமே இல்லை.

பிரிட்ஜைக் கழற்றினால், எர்த் கம்பி இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது, தாமிரம் பளபளவென்று. அந்தப் பளபளப்புதான் ஏமாற்றியது. கித்தாரின் மரத்துக்கு மெருகு தெளித்தபோது கம்பியின் நுனியை மூடாமல் விட்டிருக்கிறேன். நிறமற்ற லாக்கர் அதன்மேல் மெல்லிய உறையாகப் படிந்து, மின்சாரத்தைத் தடுத்திருக்கிறது.

நுனியில் ஒரு சென்டிமீட்டரைக் கத்தியால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, இழைகளை விசிறிபோல் விரித்து மரத்தில் படியவைத்தேன். பிரிட்ஜின் அடிப்பக்கத்தையும் தேய்த்துத் திருகினேன். மல்டிமீட்டர் கூவியது. தந்தியில் கை பட்டதும் இரைச்சல் அடங்கியது.

மெருகு தெளிக்குமுன் அந்த நுனியில் மறைப்பு நாடா சுற்றிவிடுங்கள்.