நேரோபோட்டின் பின்பக்கம் சொட்டிய தண்ணீர்: என் அனுபவம்

இங்கிலாந்தின் கிராண்ட் யூனியன் கால்வாயில் நேரோபோட் (குறுகலான கால்வாய்ப் படகு) வாங்கிக் குடியேறிய புதிதில் இன்ஜின் அறையின் அடியில் தண்ணீர் தேங்கிக்கொண்டே இருந்தது. அடித்தகடு ஓட்டையாகிவிட்டதோ என்று பதற வேண்டாம், முதலில் ஸ்டெர்ன் கிளாண்டைப் பாருங்கள். புரொப்பல்லர் தண்டு படகை விட்டு வெளியே போகும் இடம் அது. கிரீஸ் ஊறிய கயிறு போன்ற பேக்கிங் வளையங்கள்தான் அங்கே கால்வாய்த் தண்ணீரைத் தடுத்து நிறுத்துகின்றன.

டார்ச் அடித்துப் பார்த்தேன், இன்ஜின் நின்ற பிறகும் கிளாண்டின் முனையிலிருந்து சொட்டு சொட்டென்று விழுந்துகொண்டிருந்தது. ஓடும்போது லேசாகச் சொட்டினால் பரவாயில்லை, நிறுத்தி, கிளாண்டுக்குள் கிரீஸைத் தள்ளும் கிரீஸரைத் திருகிய பிறகும் சொட்டினால்தான் கவனிக்க வேண்டும். கிரீஸரைக் கைக்கு இறுகும்வரை திருகினேன், குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அப்புறம் பேக்கிங்கை அழுத்திப் பிடிக்கும் இரண்டு பக்க நட்டுகளையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே அளவில் இறுக்கினேன். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் கோணிக்கொண்டு தண்டைத் தேய்த்துவிடும். சொட்டு நின்றது. பிறகு சிறிது தூரம் ஓட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு, கிளாண்டைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தால் சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் தளர்த்தியே ஆக வேண்டும்.

நட்டை இறுக்க இடமே மிச்சமில்லையென்றால் பேக்கிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். புது வளையங்களை அவற்றின் வெட்டு முனைகள் ஒரே நேரில் வராதபடி திருப்பித் திருப்பிப் போட வேண்டும். தண்ணீரிலேயே இதைச் செய்பவர்கள் உண்டு. எனக்கு மனம் ஒப்பவில்லை, அடிப்பகுதி துருப்பிடிக்காமலிருக்க பிளாக்கிங் என்ற கறுப்புப் பூச்சு பூசப் படகைக் கரையேற்றியபோதுதான் மாற்றினேன். இப்போது படகைக் கட்டியதும் கிரீஸரை ஒரு திருகு திருகிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.